மடியா, சீட்டா?

திருவண்ணாமலை என்றால் பலருக்குக் கிரிவலம் நினைவு வரும். ராஜபாளையத்துக்காரர்களான எங்களுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றிலிருக்கும் சீனிவாசப் பெருமாள்தான்! புரட்டாசி சனிக்கிழமை, வாடகை வேனில் கிளம்பினோம்.

"இந்தக் கொஞ்ச தூரத்துக்கு சீட்டா? மடியிலே வச்சுக்கம்மா" என்றார் மாமியார்.

"சடன் பிரேக் போட்டா கைப்பிடி நிக்காது, அத்தை."

வேனில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பூஸ்டருக்குத் தோள் பெல்ட்டும் வேண்டும். அதனால்தான், ஐந்து வார்கள் வைத்த சீட்டாக, இடுப்பு பெல்ட்டிலேயே கட்டலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறதா பார்த்து வாங்கியிருந்தேன். முழங்காலால் அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்கினேன். பெல்ட் நுழையுமிடத்தில் ஆட்டினால் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. நகரவில்லை.

ஆண்டாள் கோபுரம் தெரிந்தபோது இரண்டு வயசுப் பாப்பா நல்ல தூக்கம். மலைப்படியில் பாட்டி இடுப்பு.

திரும்பும்போது அத்தையே கேட்டார்: "வாரை நல்லா இழுத்தியா?"