ஒரு ரீசெட் கம்பியின் பூர்வீகம்

தைப்பூசத்துக்கு வடலூர் போகலாம் என்று குறிஞ்சிப்பாடிக்கு வந்திருந்தேன். வேலை முடியாத போர்டும் கூடவே வந்தது. அதில் கேமராவை நிறுத்தினால், வீடியோவைச் சுருக்கும் பகுதியும் சேர்ந்து செத்துப்போகும். சிப்பின் கையேட்டை மூன்றாம் முறை புரட்டியபோதுதான் காரணம் கிடைத்தது: இரண்டுக்கும் ரீசெட் கம்பி ஒன்றே. நான் எழுதிய கேமரா டிரைவர் வெளியேறும்போது ரெஜிஸ்டரில் நேராக ஒரு பிட்டை எழுதி அந்தக் கம்பியைப் பிடித்துவிடும், அதாவது ரீசெட்டில் நிறுத்திவிடும். பக்கத்தில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

முறைப்படி செய்வோம் என்று இரண்டு டிரைவரையும் லினக்ஸ் கர்னலின் ரீசெட் கட்டமைப்புக்கு மாற்றினேன். முதலாவது ஏறியது. இரண்டாவதுக்கு மைனஸ் 16 என்று பதில் வந்தது. கம்பி வேறொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். இப்படி மறுக்க வேண்டும் என்று எப்போது, யார் முடிவு செய்தார்கள்? கிட் வரலாற்றைத் தோண்ட உட்கார்ந்தேன்.

அடிவேர் 2013இல் இருந்தது. ஜெர்மனியின் பெங்குட்ரோனிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் சாபெல் எழுதிய சிறிய நிரல் அது, கர்னல் 3.10இல் சேர்ந்தது. போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் ரீசெட் கம்பியை எப்படிக் குறிப்பது என்ற யோசனை ஸ்டீபன் வாரன் முன்வைத்தது என்று சாபெலே அதில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு ஆளுக்கொரு வழி. என்விடியாவின் டெக்ரா சிப்புகளில் ரீசெட் வேலை கிளாக் நிரலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

ஆனால் நான் தேடிய மறுப்பு அந்த முதல் நிரலில் இல்லை! ஒரே கம்பியை இரண்டு டிரைவர்கள் கேட்டால் இருவருக்குமே அது கொடுத்துவிடும். மூன்று ஆண்டுகள் அப்படியே போயிருக்கிறது. ஆல்வின்னர் சிப்புகளில் இரண்டு யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் ஒரே ரீசெட்டைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டி வந்தபோது, 2016இல் ஹான்ஸ் டி கோடே இதைத் திருத்தினார். கர்னல் 4.7இல் அது வந்தது. தனியுரிமையாகக் கேட்டால் ஒருவருக்கு மட்டும். பகிர்வாகக் கேட்டால் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வது. பிறகு லீ ஜோன்ஸ், இந்த இரண்டு முறைகளில் எது வேண்டும் என்று டிரைவர்கள் வெளிப்படையாகச் சொல்லும்படி அழைப்புகளின் பெயர்களைப் பிரித்தார்.

அந்த எண்ணிக்கையைத் திண்ணையில் இருந்த சித்தப்பாவுக்குச் சொல்லிக் காட்டினேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இது எங்க எல்.சி.தானேடா. ஒரே ஃபீடர்ல ரெண்டு கேங்கு எல்.சி. வாங்கியிருந்தா, ரெண்டும் திரும்பி வந்தாத்தான் லைனை சார்ஜ் பண்ணுவோம்.”

எல்.சி. என்றால் லைன் கிளியர், வேலைக்காக லைனை நிறுத்தி வைக்கும் அனுமதி. அப்படியேதான் இதுவும். முதலில் கேட்கும் டிரைவருக்காகக் கம்பி விடுவிக்கப்படும். கடைசி டிரைவரும் பிடிக்கச் சொன்ன பிறகே மறுபடி பிடிக்கப்படும். விடுவிக்கச் சொல்லாமலே பிடிக்கச் சொன்னால் கர்னல் எச்சரித்துத் திருப்பி அனுப்பும். வாங்காத எல்.சி.யை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது என்றார் சித்தப்பா. எனக்கு அன்றைக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் அதுதான்.

இரண்டு கோப்புகளிலும் ஒரு சொல்லை மட்டும் பகிர்வுக்கு மாற்றினேன். கேமரா நின்றது, வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு விலை உண்டு. பகிர்ந்த கம்பியில் நாம் ரீசெட் கேட்ட நொடியில் அது நடந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்ட நிலையிலிருந்து தொடங்கியாக வேண்டிய வன்பொருளுக்கு இந்த வழி ஒத்துவராது.

டிரைவர் எழுதும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் ரீசெட் எண்ணை டிவைஸ் ட்ரீ முழுக்கத் தேடுங்கள், வேறு யார் பெயரிலும் அது இல்லை என்று உறுதியான பிறகு தனியுரிமை கேளுங்கள்.