துருத்திய முனைக்கே முதல் பங்கு

ஒரே மயில்துத்தக் கரைசலில் கிளைவிட்ட செம்பு மரத்தையும் வளர்க்கலாம், தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய செம்புக் கம்பியையும் வளர்க்கலாம். இரண்டிலும் எங்கள் வேலை ஒன்றுதான்: செம்பு அயனிகள் யாருக்கு, எவ்வளவு போய்ச் சேருகின்றன என்று பார்த்துக்கொள்வது.

மரம் வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே கரைசலை மெல்லிய படலமாக விட்டு, மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதும். செம்பு படியும் எதிர்மின்முனையான கேத்தோடை ஒட்டியுள்ள அயனிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிதாக வருபவை, தற்செயலாகத் துருத்தி நிற்கும் முனையில் முதலில் ஒட்டும். ஒட்ட ஒட்ட அது நீளும், நீள நீள இன்னும் அதிகம் பிடிக்கும். உள்ளே இருக்கும் பள்ளங்களுக்கு, கடைசிப் பந்திக்கு வடை மிஞ்சாத கதைதான். அலைந்து வரும் துகள் தொட்ட இடத்தில் ஒட்டினால் இப்படித்தான் கிளைக்கும் என்று 1981இல் விட்டனும் சாண்டரும் கணினியில் காட்டினார்கள். 1984இல் மட்சுஷிடா குழுவினர் வளர்த்த துத்தநாக இலைகளில், கிளைகள் இடத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்று காட்டும் பின்னப் பரிமாணம் சுமார் 1.66 என்று வந்தது. அந்தக் கணினி வடிவங்களோடு அது ஒத்துப்போனது.

கம்பிக்கு நுண்துளைகள் நிறைந்த அலுமினா சவ்வு வேண்டும். கடையில் கிடைப்பது சுமார் 60 மைக்ரான் கனம், 200 நானோமீட்டர் துளை. ஒரு பக்கம் தங்கம் பூசி அதையே கேத்தோடாக்குகிறோம். துளைக்குள் காற்று தங்கினால் அந்தத் துளை வெறுமையாகவே நிற்கும். அதனால் முதலில் வெற்றிடத்தில் வைத்துக் கரைசலை உள்ளே இறக்குவோம். பக்கவாட்டில் கிளைக்கத் துளையின் சுவர் விடாது. ஆனால் போட்டி முடிந்துவிடுவதில்லை. முந்தி நிரம்பிய துளையிலிருந்து செம்பு வெளியே வந்து காளான் தலையாக விரியும், பக்கத்துத் துளைகளையும் மூடிவிடும். வரைபடத்தில் சமமாக ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டக் கோடு அப்போது சட்டென மேலே ஏறும். நீளம் சீராக வேண்டுமென்றால் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு சோடியம் ஹைட்ராக்சைடில் சவ்வைக் கரைத்துக் கம்பிகளைக் கழுவி, எத்தனாலில் வைப்போம். தண்ணீரோடு காயவிட்டால் ஈரம் வற்றும்போது ஒன்றையொன்று இழுத்துக் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்ளும்.

முந்தும் முனையை அடக்க எளிய வழி, மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுப்பது. சில மில்லிநொடி ஓட்டம், அதைவிட நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில்தான் ஆழத்துக்கும் அயனி போய்ச் சேருகிறது. எவ்வளவு நேரம் செலுத்துவது என்பதைவிட எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதைத்தான் நாங்கள் அதிகம் திருத்திக்கொண்டிருக்கிறோம்.