ஒய்.பி. வருது!

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு அப்போது விழுப்புரத்தில் இன்ஜின் மாறும். தலைக்கு மேலே வந்த மின்கம்பி அந்த ஜங்ஷனோடு முடிந்துவிடும். ஜப்பானில் செய்த மின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசலையோ கரி இன்ஜினையோ மாட்டுவார்கள். டீசல் வந்தால் எங்களுக்கு முகம் வாடிவிடும்.

எழுபதுகளில் நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் பள்ளி விட்டதும் ஸ்டேஷனுக்கு ஓடுவோம். அவன் அப்பா ஃபயர்மேன். அதனால் எங்களை யாரும் விரட்டவில்லை. இன்ஜின் எண்களை எழுதி வைப்பதுதான் வேலை. இங்கிலாந்தில் இதற்கென்றே புத்தகம் உண்டு. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த இயன் ஆலன் 1942-இல் இன்ஜின் எண்களைத் தொகுத்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்த எண்ணை அதில் கோடிட்டு வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நூல் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பழைய கணக்கு நோட்டின் மிச்சத் தாள்களில் நாங்களே பட்டியல் போட்டோம்.

ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பாசஞ்சர், ஜி என்றால் கூட்ஸ். இந்த மூன்று எழுத்தையும் தோழனின் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். ஒய்.பி.க்கு முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு. ஒய்.ஜி.க்கு முன்னால் இரண்டு, நடுவே எட்டு, பின்னால் இரண்டு. தயாரிப்புத் தகட்டையும் விடமாட்டோம். ஜாம்ஷெட்பூர் டெல்கோ என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கிளாஸ்கோ என்று ஒன்று தட்டுப்பட்டால் அன்றைக்குத் திருவிழாதான். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடுவோம்.

ஒருநாள் அவர் சொன்னார்: “எண்ணை அப்புறம் எழுதலாம் தம்பி. கண்ண மூடிக்கிட்டுக் கேளு. நாலு அடிக்கு ஒரு சுத்து.” இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் முன்னே போகும்போது ஒரு முறையும் பின்னே வரும்போது ஒரு முறையும் நீராவி வெளியேறும். வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பாயும்போது நெருப்பையும் இழுத்து எரியவிடும். அதனால்தான் பாரம் ஏற ஏற இன்ஜின் ஓங்கிக் குரல் கொடுக்கிறது. ஒய்.ஜி.யின் சக்கரம் ஒய்.பி.யின் சக்கரத்தைவிடச் சிறியது. அதே வேகத்தில் அதன் அடிகள் நெருங்கி விழும். அதன்பிறகு வண்டி கைகாட்டியைத் தாண்டும் முன்பே, “ஒய்.பி. வருது!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்துவோம்.

விடுமுறையில் மாயவரத்துக்குப் பாசஞ்சரில் போவேன். இன்ஜினை ஒட்டிய பெட்டியில்தான் உட்காருவேன். கரித்தூள் கண்ணில் விழும். அம்மா முந்தானையை ஊதிச் சூடாக்கி ஒற்றியெடுப்பாள். பண்ருட்டியில் பலாச்சுளை. திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் ஓசையே வேறாகிவிடும். கரையில் சிதறிப்போன ஒலி இரும்பில் மோதித் திரும்பி வரும். ஆற்றைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பாதைகளெல்லாம் இன்று அகலப்பாதை. விழுப்புரத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கையில் வேகத்தை மெச்சுகிறேன், மனம் ஒட்டவில்லை.

ஆனால் மேட்டுப்பாளையம் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலை ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின் குன்னூர்வரை தள்ளிக்கொண்டு ஏறுகிறது. இவ்வகையின் பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. அண்மை ஆண்டுகளில் திருச்சி பொன்மலைப் பணிமனையே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறது. இந்தக் காலத்தில் நம்மூர்த் தொழிலாளர்கள் நீராவி இன்ஜினை முதலிலிருந்து கட்டியெழுப்பினார்கள் என்பது எனக்குப் பெரிய பெருமை.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்கும். சாதாரணச் சக்கரங்களை ஓட்டக் கீழே சிலிண்டர்கள், பற்சக்கரத்தை ஓட்ட மேலே சிலிண்டர்கள். கீழே வேலை செய்த நீராவியே மேலே போய் மறுபடியும் வேலை செய்கிறது. இரண்டு தாளங்கள் ஒன்றோடொன்று சேராமல் ஓடும். ஒய்.பி.யின் நாலடியில் பழகிய காதுக்கும் அது புதிது. போகிறவர்கள் ஏறும்போது கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள். இன்ஜின் அதற்குப் பின்னால்தான் இருக்கும்.