காலையில் 900, ராத்திரி 1000!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கணக்குப் பார்ப்பான். எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டி அக்காவிடம் நான் பார்த்த கணக்கு இது.

விடியற்காலை நாலு மணிக்கு 900 ரூபாய் கடன் வாங்குகிறார். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. கோயம்பேட்டில் சரக்கு எடுத்து விற்று, ராத்திரி 1000 ரூபாயாகத் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 11 சதவிகித வட்டி! வருஷத்துக்குப் பெருக்கினால் கால்குலேட்டர் மயக்கம் போடும்.

வட்டி, வண்டி வாடகை, மாமூல் எல்லாம் போக அக்காவுக்கு 250 நிற்கிறது. 900 ரூபாய் முதலில் தினம் 250 லாபம். அப்படி ஒரு கம்பெனியைப் பங்குச் சந்தையில் காட்டுங்கள் பார்ப்போம்! ரெண்டு பெண்களைப் பிளஸ் டூ வரை படிக்கவைத்தது இந்த வண்டிதான்.

"தினம் 50 ரூபாய் ஒதுக்குங்கக்கா. 18 நாள்ல கடனே வேணாம்" என்றேன், ஆடிட்டர் தோரணையில்.

"ஒதுக்கினேன் தம்பி, ரெண்டு தபா. ஒரு தபா பேத்திக்கு ஜுரம். இன்னொரு தபா மூணு நாள் விடாத மழை. அடுப்பு எரிய வேணாமா?"

செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் மார்க்கெட் வியாபாரிகளின் வட்டிக் கடனை அடைத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடனில்! ஊதாரித்தனமா? ஊஹூம். ஜுரத்துக்கும் மழைக்கும் தனியாகப் பணம் இல்லாதவர் வியாபார முதலில்தானே கை வைப்பார்?

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. விடியற்காலை நாலு மணிக்குச் சட்டம் எழுந்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

2020-ல் தெரு வியாபாரிகளுக்காக மத்திய அரசு 'ஸ்வநிதி' கடன் திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் வேண்டாம். முதல் கடன் 10,000 ரூபாய். 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவிகிதம் மானியம். (வருஷத்துக்கு, சார்!) அடைத்தால் அடுத்த கடன் இன்னும் பெரிசு. நல்ல திட்டம்தான். ஆனால், தெரு வியாபாரி என்பதற்கு அடையாள அட்டையோ, மாநகராட்சிச் சான்றோ வேண்டும். 2014 சட்டப்படி கணக்கெடுத்து அட்டை தர வேண்டும். கணக்கெடுக்க வந்த அன்றைக்கு அக்கா ஊரில் இல்லை. ஆபீஸுக்கு அலைந்தால் அன்றைய வியாபாரம் அம்பேல்.

அதிகாரிகள் விடியற்காலை நாலு மணிக்கு கோயம்பேட்டில் ஒரு மேஜை போட்டால் என்ன? வட்டிக்காரர் வருகிறாரே!