மச்சில்லாத வீடு



‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மச்சு வீட்டுக்குள் உறங்குகிறவரையும் மாசிப் பனி எட்டிவிடும் என்பது அதன் பொருள். மச்சே இல்லாதவருக்கு என்ன நேரும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. இந்த வாரம் அதைக் குறித்துச் சற்றுச் சிந்திப்போம்.

நம் சபையாரில் சிலருடைய பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்கிறார்கள். அவர்களைக் காணச் சென்று வந்தவர்கள் அங்குள்ள வீட்டு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் ஒரே வண்டிக்குள் அடங்கியிருக்கும். பணி ஓய்வுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டு அத்தகைய வண்டியில் குடியேறி, கடல்போல் விரிந்த ஏரிகளின் கரையில் தங்குகிறவர்கள் அங்கே உண்டு. குளிர்காலத்தில் அவ்வாழ்க்கை எளிதன்று. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காதபடி அதன்மேல் மின்சாரத்தால் சூடாகும் நாடாவைச் சுற்றவேண்டும். காற்று புகாதபடி வண்டியின் அடிப்புறத்தைப் பலகைகளால் அடைக்கவேண்டும். எரிவாயுக் கணப்பு எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அப்போதும் உள்ளிருப்போரின் மூச்சுக்காற்று சன்னல் கண்ணாடியில் நீராய் வழியும். ஆயினும், குறைந்த பொருள்களோடு வாழ்வதில் ஒரு விடுதலை உண்டு என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் போற்றும் ஆபிரகாமும் கூடாரவாசியாகவே வாழ்ந்தவர் அல்லவா?

நம் மாவட்டத்திலும் ஒரு பெரிய ஏரி உண்டு. சிதம்பரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் வீராணம் ஏரி அது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழரின் காலத்தில் உண்டாக்கப்பட்டு, ‘வீரநாராயணன்’ என்னும் அவரது பட்டப்பெயரால் வழங்கியது. இளவரசர் இராசாதித்தரின் படை இப்பகுதியில் பாளையமிறங்கியிருந்த நாள்களில் படைவீரர்களே இதை வெட்டினார்கள் என்பது வழிவழியாய்ச் சொல்லப்படும் செய்தி. இராசாதித்தர் 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் மாண்டார். படையின் கூடாரங்கள் மறைந்துபோயின. ஏரி இன்னும் நம் வயல்களுக்குப் பாய்கிறது; 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் தருகிறது.

கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சிற்றூர்களுக்கு ஊழியத்தின் நிமித்தம் போகும்போது, சேத்தியாத்தோப்புக்கு அப்பால் இந்த ஏரிக்கரைச் சாலையில் செல்வது என் வழக்கம். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் வாத்து மேய்ப்பவர்கள் வயலோரங்களில் தங்குவார்கள். நான்கு கழிகள், அவற்றின்மேல் ஒரு தார்ப்பாய், தரையில் வைக்கோல், அதுவே வீடு. பக்கத்தில் வலை கட்டிய பட்டியில் நூற்றுக்கணக்கான வாத்துகள் அடைந்திருக்கும். அவை பெரும்பாலும் விடியுமுன்னே முட்டையிடுவதால், இருட்டில் எழுந்து பனியில் நனைந்த தரையில் முட்டைகளைப் பொறுக்கவேண்டும். பின்பு சிந்திய நெல்லையும் நத்தையையும் தேடி அறுத்த வயலுக்கு ஓட்டிச் செல்லவேண்டும். மேய்ச்சல் தீர்ந்தவுடன் கூடாரம் அடுத்த ஊருக்குப் பெயரும்.

நம் பகுதியில் தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். பனிக்கட்டி உறையும் நாட்டார் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் ஈரத் தரையில் படுத்திருக்கும் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒருமுறை அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் பனியைக் குறித்து விசாரித்தேன். “பனி பழகிப்போச்சுங்க ஐயா. திடீர்னு மழை வந்தாத்தான் பிள்ளைங்கள எங்க உட்கார வைக்கிறதுன்னு தெரியாது” என்றார்.

பிரியமானவர்களே, கூடாரம் இரண்டு வகைப்படும். வீட்டை விட்டுத் தானாகப் புறப்பட்டவரின் கூடாரம் ஒன்று. வீடே இல்லாதவரின் கூடாரம் மற்றொன்று. முதலாவது மனிதனுக்கு எளிமையைக் கற்பிக்கும். இரண்டாவதை எளிமை என்று நாம் புகழ்வோமானால், அது பிறருடைய வறுமைக்குப் பூச்சூட்டுவதாகும்.

வேதம் இவ்விரண்டையும் குழப்புவதில்லை. இஸ்ரவேலர் கானானில் வீடு கட்டிக் குடியேறிய பின்பும், ஆண்டுக்கு ஏழு நாள் கூடாரங்களில் தங்கும்படி நியமனம் பெற்றார்கள். தங்கள் முன்னோர் வனாந்தரத்தில் வீடற்றிருந்ததை மறவாதபடி அந்தப் பண்டிகை ஏற்பட்டது. உபாகமம் 16ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அந்தப் பண்டிகையின் மகிழ்ச்சியில் வேலைக்காரரும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் பங்குபெறவேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தன் கூடாரத்தை நினைக்கிறவன் பிறனுடைய கூடாரத்தையும் காணவேண்டும் என்பதே அதன் கருத்து. யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், வார்த்தையானவர் மனிதர் நடுவே வாசம்பண்ணினதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கும் கூடாரமிடுதல் என்றே மூலப்பொருள்.

காணவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. கரையில் தங்குகிறவர்களில் பலர் சொந்த வாத்துகளோடு மானமாய்ப் பிழைக்கும் குடும்பத்தார். ஆயினும் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் வாத்து மேய்க்க அனுப்பப்படும் கொடுமையும் தமிழகத்தில் நடந்திருக்கிறது. இருளர் குழந்தைகள் அவ்வாறு மீட்கப்பட்டிருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கடனுக்காகத் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்த நேர்ந்ததென்று ஜனங்கள் முறையிட்டதை நெகேமியா 5ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதைக் கேட்ட நெகேமியா ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூட்டி, நேருக்கு நேர் கடிந்துகொண்டார்.

ஆகையால் இந்த அறுவடைக் காலத்தில் அவ்வழியே போகிறவர்கள் வண்டியைச் சற்று நிறுத்துங்கள். ஒரு கம்பளியோ நல்லதொரு தார்ப்பாயோ கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், அங்கே நிற்கும் பிள்ளையிடம் எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று அன்பாய்க் கேளுங்கள். பெற்றோர் உடனில்லாமல் தனியே வேலைசெய்யும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். நம் சார்-ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்திலும் சொல்லலாம். தனியே செய்யத் தயங்குகிறவர்கள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

காணும் கண்களையும் நிற்கும் கால்களையும் ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.