புது போர்டு, பழைய கார்டு, அநியாயப் பழி

போன செமஸ்டர் லீவுல என் கம்ப்யூட்டருக்கு உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பண்ணினேன். மதர்போர்டு, ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு... நாலும் ஒரே நாள்ல. ரைசன் 5 5600, 8 ஜிபி ராம் ரெண்டு, அதோட சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட செகண்ட்ஹேண்ட்ல வாங்கின ஆர்டிஎக்ஸ் 2060. எல்லாம் அம்மா சீட்டு எடுத்துக் குடுத்த காசு. "இனிமே ஒழுங்கா ஓடும்ல?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க.

ஓடுச்சு. நொண்டி நொண்டி. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போட்டா எஃப்பிஎஸ் 110னு காட்டும், நாலு பேர் சேர்ந்து சுட ஆரம்பிச்சா 50க்கு விழும். ஸ்மோக் போட்டா கேக்கவே வேணாம், ஸ்லைடு ஷோதான்.

நாலையும் ஒண்ணா மாத்தினதால எது குத்தவாளின்னு தெரியலை. சந்தேகம் நேரா கார்டு மேல போச்சு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் கிராபிக்ஸ் கார்டு மைனிங்கை விட்டதும், ராப்பகலா உழைச்ச கார்டுகள் நிறைய செகண்ட்ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. இதுவும் அந்தக் கூட்டத்துல ஒண்ணுன்னு நானே தீர்ப்பு எழுதி, ராத்திரி 11 மணிக்கு அண்ணனுக்கு போன் போட்டு, "மைனிங் கார்டை என் தலையில கட்டிட்டீங்களே"ன்னு கத்திட்டேன். "இல்லடா தம்பி, நான் கேம் மட்டும்தான் ஆடினேன்"ன்னார். நான் நம்பலை. கட் பண்ணிட்டேன். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தப் பத்து நாள்ல பண்ணாத வைத்தியம் இல்லை. பழைய டிரைவரை சேஃப் மோடுல சுத்தமா வழிச்சுப் போட்டேன். விண்டோஸைப் புதுசா ஏத்தினேன். (போர்டு மாறினதுல ஆக்டிவேஷன் வேற போயிடுச்சு, அது தனி சோகக் கதை.) தெர்மல் பேஸ்ட் மாத்தினேன். ஒண்ணும் நடக்கலை.

கடைசில, முதல்லயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். ஆட்டம் ஓடும்போது கார்டு எவ்வளவு வேலை செய்யுது? 55 சதவீதம். கார்டு திணறினா 95க்கு மேல நிக்கணும். இது இலை போட்டு உக்காந்திருக்கு, பரிமாறத்தான் ஆள் வரலை!

டாஸ்க் மேனேஜர்ல மெமரியைத் திறந்தா வேகம் 2400. டப்பாவுல போட்டிருக்கறது 3200. டப்பாவுல இருக்கற வேகத்துல ராம் தானா ஓடாதாம் மக்களே. போர்டு பத்திரமான வேகத்துலதான் ஆரம்பிக்கும். பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பியை நாமதான் ஆன் பண்ணணும் (சில ஏஎம்டி போர்டுல டிஓசிபின்னு பேர்).

அதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. ரெண்டு ராமும் ஜோடியா இருக்கட்டுமேன்னு முதல் ரெண்டு ஸ்லாட்ல பக்கத்துல பக்கத்துல சொருகியிருந்தேன். அந்த ரெண்டும் ஒரே சேனல். நாலு ஸ்லாட் இருக்கற இந்த மாதிரி போர்டுல, ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும். ஒரு சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் தூக்கும். 2400ல ஒரு சேனல்னா நொடிக்கு 19.2 ஜிபி. 3200ல ரெண்டு சேனல்னா 51.2. எட்டு வழிச் சாலையில மூணை மட்டும் திறந்து வச்சுட்டு லாரி சரியில்லைன்னு கத்தியிருக்கேன்.

முதல் ஸ்லாட்ல இருந்ததைப் பிடுங்கி நாலாவதுல சொருகி, எக்ஸ்எம்பி ஆன். அஞ்சு நிமிஷ வேலை. 110 இருந்தது 150 ஆச்சு, எவ்வளவு சண்டை நடந்தாலும் 90க்குக் கீழ போகலை.

அண்ணனுக்கு போன் போடத் தைரியம் வரலை. எல்லாத்தையும் சொல்லி நீளமா மெசேஜ் அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்துச்சு. "அன்னைக்கு போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அப்பா பக்கத்துல இருந்தார்."

ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன். கார்டு நல்ல கார்டுதான்னு அப்பாகிட்ட நானே சொல்லணுமாம்.