‘எஸ்’ சேர்ப்பதற்கு முன்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் ஒருமை பன்மையைத் தமிழ் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது பெரும்பகுதி நேரம் எழுத்துக்கூட்டலிலேயே செலவாகிவிடுகிறது. ‘பேபி’ என்பதன் இறுதி ‘ஒய்’ மறைந்து ‘ஐஇஎஸ்’ வரும், ‘நைஃப்’ ‘நைவ்ஸ்’ ஆகும், ‘பொட்டேட்டோ’ ‘இஎஸ்’ ஏற்கும், ‘ஃபோட்டோ’ வெறும் ‘எஸ்’ ஏற்கும் என்று கரும்பலகையில் பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலை ஒப்பிக்கும் மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்த உட்காரும் ஆசிரியரோ வேறு பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் சுழிக்க வேண்டியிருக்கிறது: ‘ஃபைவ் புக்’, ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’, ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’. மூன்றிலும் எழுத்துக்கூட்டல் சரியாகவே இருக்கிறது. சொல்லுக்குப் பன்மை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவில்தான் கோளாறு.

முதல் பிழையின் வேர் தமிழிலேயே இருக்கிறது. உயர்திணையில் ‘பத்து மாணவர் வந்தார்’ என்பது இடறுகிறது. அஃறிணையில் ‘பத்து மாடு வந்தது’ என்று பேச்சில் தயக்கமின்றிச் சொல்லப்படுகிறது, ஏனெனில் எண்ணுப்பெயர் முன்னே நின்று பன்மையை உணர்த்திவிட்டபின் ‘கள்’ விகுதி கட்டாயமில்லை. இவ்வாறு ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொதுவாய் நின்று, ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என வினைமுற்றால் எண் விளங்கும் பெயரை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ஆங்கிலத்தில் எண்ணுப்பெயர் இருந்தாலும் பெயர் தனியே பன்மைக் குறி ஏற்றாக வேண்டும். விதிவிலக்காக நிற்கும் ‘ஷீப்’, ‘டியர்’ போன்ற சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இவை ஆங்கிலத்தின் பால்பகாப் பெயர்கள் என்று சொல்லி, ‘தி ஷீப் இஸ்’, ‘தி ஷீப் ஆர்’ என்ற இரண்டையும் எழுதிக் காட்டினால் வகுப்பு உடனே பிடித்துக்கொள்கிறது.

இரண்டாம் பிழையைத் தாய்மொழியின் தலையில் கட்டுவது வழக்கம், அது நியாயமன்று. ‘என் நண்பர்களில் ஒருவர் மருத்துவர்’, ‘அந்தப் புத்தகங்களில் ஒன்று கிழிந்திருக்கிறது’ என்று தமிழ் இந்த இடத்தில் பன்மையைத்தான் கேட்கிறது. அஃறிணையில்கூட ‘கள்’ விடுபடுவதில்லை. ‘ஒன்’ என்ற சொல்லைக் கண்டதும் அருகிலுள்ள பெயரை ஒருமையாக்கும் பழக்கம், ‘ஒன் புக், டூ புக்ஸ்’ என்று தொடக்க வகுப்பில் ஊட்டப்பட்ட பயிற்சியிலிருந்து வருகிறது. குழு பன்மையில், அதிலிருந்து பிரித்தெடுத்த ஒருவருக்கு உரிய வினை ஒருமையில் என்று ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’ என்ற தொடரைப் பிரித்துக் காட்டி, அதன் நேர்த் தமிழையும் பக்கத்தில் எழுதினால் போதும். ‘எவ்ரி ஸ்டூடன்ட்’ ஒருமை என்பதற்கும் ‘ஒவ்வொரு மாணவரும்’ என்ற தொடரே சான்றாக நிற்கிறது.

உண்மையில் கடினமானது மூன்றாவது. எண்ணத்தகாத பெயர், அதாவது தனித்தனி அலகாகப் பிரித்து எண்ணாமல் மொத்தமாகக் கருதும் பெயர், தமிழுக்குப் புதிதன்று. ‘மூன்று நெய்’ என்று எவரும் சொல்வதில்லை, ‘மூன்று கரண்டி நெய்’ என்றே சொல்வார்கள். எல்லைக்கோடு மட்டும் இரு மொழிகளிலும் வேறு வேறு இடங்களில் செல்கிறது. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள் என்று எண்ண முடிகிறது. ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’ இரண்டும் நெய்யைப் போல அளவுச் சொல்லை வேண்டி நிற்கின்றன, ‘நியூஸ்’ என்பதோ ‘எஸ்’ஸில் முடிந்தும் ஒருமை வினையே கொள்கிறது. நாற்காலியும் மேசையும் எண்ணப்படும், அவற்றைத் தொகுத்துச் சொல்லும் ‘ஃபர்னிச்சர்’ எண்ணப்படாது. பெட்டிகள் எண்ணப்படும், ‘லக்கேஜ்’ எண்ணப்படாது. பொருளை உற்றுநோக்கி இதை அறிந்துவிட முடியாது. சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பதால், புதுச் சொல் எழுதும் ஏட்டில் பொருளுக்குப் பக்கத்தில் ‘எண்ணலாம்’ அல்லது ‘எண்ணக்கூடாது’ என்று குறிக்கவைக்கும் ஆசிரியர் பட்டியலை ஒப்பிக்கவைப்பவரைவிடப் பயனுள்ள வேலை செய்கிறார்.

ஒலிப்போ, வகுப்பில் தொடாமல் விடப்படும் பகுதி. ‘கேட்ஸ்’, ‘டாக்ஸ்’ இரண்டையும் தமிழில் ஒரே ‘ஸ்’ கொண்டு எழுத நேர்கிறது. ஆனால் முன்னதில் குரல்நாண் அதிர்வதில்லை, பின்னதில் அதிர்கிறது, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ‘பஸ்’ போன்று ஏற்கெனவே சீறொலியில் முடியும் சொல் ஓர் உயிரொலியை இடையில் ஏற்று ‘பஸ்ஸஸ்’ ஆகிறது. ஜீன் பெர்கோ 1958-இல் வெளியிட்ட ஆய்வில், ‘வக்’ என்ற இல்லாத உயிரினத்தின் படத்தை ஆங்கிலம் பேசி வளரும் சிறுவர்களுக்குக் காட்டி, இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டார். அதுவரை கேட்டறியாத சொல்லுக்கும் பெரும்பாலான சிறுவர் உரிய ஒலியைச் சேர்த்தனர். விதியைச் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் அதைக் கேட்டுப் பெற்றிருந்தார்கள். கண்ணால் ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லாததால், வாய்விட்டுப் படிக்கவைப்பது இங்கே கூடுதல் பயிற்சியன்று, அடிப்படைப் பயிற்சி.

ஒழுங்கற்றவை எனப்படும் வடிவங்களுக்குப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் பன்மை விகுதிகள் பல. ‘ஆக்ஸன்’ அவற்றுள் ஒன்றின் மிச்சம், ‘ஃபீட்’ விகுதியிலிருந்த ‘இ’ ஒலி உள்ளுயிரை மாற்றிவிட்டு மறைந்ததன் விளைவு, ‘சில்ட்ரன்’ ஏற்கெனவே பன்மையானதன் மேல் மீண்டும் பன்மை ஏறியது. 1490-இல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட ‘எனெய்டோஸ்’ நூலின் முன்னுரையில், முட்டை வாங்க ‘எக்ஸ்’ என்று கேட்ட வணிகரிடம் தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஒரு பெண் சொன்னதாகவும், ‘எய்ரன்’ என்ற பழைய பன்மையைச் சொன்ன பிறகே அவளுக்குப் புரிந்ததாகவும் குறிப்பு இருக்கிறது. ‘நைவ்ஸ்’ஸில் ‘வி’ வருவதற்கும், பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்த ‘சீஃப்’ மாறாமல் ‘சீஃப்ஸ்’ ஆவதற்கும் காரணம் பழைய ஒலி வரலாறே. இரு உயிரொலிகளுக்கு நடுவே ‘எஃப்’ ஒலி அதிர்வு பெற்ற காலத்தில் ‘சீஃப்’ ஆங்கிலத்தில் இல்லை. மேல்வகுப்பில் இதைச் சொல்லலாம். கீழ்வகுப்பில் சொன்னால் சுமை.

இலத்தீன் வழி வந்த ‘டேட்டா’ இன்னும் தீராத வழக்கு. பன்மையாகப் பிறந்த அச்சொல்லுக்குச் சில அறிவியல் இதழ்கள் இன்றும் பன்மை வினையே தருகின்றன, பொது வழக்கில் ஒருமை வினை நிலைபெற்றுவிட்டது. திருத்துபவர் இரண்டில் எதையும் அடிக்கத் தேவையில்லை. ஒரே கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வந்திருந்தால் மட்டும் சுழிக்கலாம்.